டிராகனுக்குத் திண்ணை, டைனோசருக்குத் தெருவா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஊறிய நாலு பேர் கூடினால் எதற்கும் சண்டை வரும். எந்தப் பதிப்பு நல்லது, எந்த விதி உதவாது என்று விடிய விடியப் பேசுவார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள்: டைனோசர்கள் இங்கே வேண்டாம். வாளும் மந்திரமும் ஆளும் உலகத்தில் டைரனோசரஸ் ஒன்று வந்து நின்றால் மயக்கம் கலைந்து அறிவியல் பாடநூல் திறந்துகொள்கிறதாம். டிராகனுக்குப் பேராசை உண்டு, பேச்சு உண்டு, புதையல்மேல் படுத்துறங்கும் பழங்கதை உண்டு. டைனோசருக்கு வயிறு மட்டும்தான் உண்டு. அது வெறும் விலங்கு. வெட்ட வெட்டக் குறையாத ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) மூட்டை. வாதம் இப்படித்தான் போகிறது.

இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்ட, உலகத்தையே நடத்திக்காட்டும் டன்ஜன் மாஸ்டர்கள் அவர்களில் பலர். அதனாலேயே புதிதாக ஆட வருகிறவர்கள் இந்தக் கருத்தைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இது அடிமுதல் நுனிவரை தவறாகப் படுகிறது. டைனோசர் சலிப்பூட்டுகிறது என்றால் ஆடவைப்பவரின் சோம்பல்தான் காரணம், அந்தப் பிராணி அல்ல.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம், ‘பொருந்தாது’ என்ற சொல் முதலில் இடறுவது அங்கேதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதி 1974-இல் வெளிவந்த அந்த ஆட்டம் மூன்று சின்னப் புத்தகங்கள்தான். வனாந்தரத்தில் எதிர்ப்படும் பிராணிகளுக்கு மூன்றாவது புத்தகத்தில் அட்டவணைகள் இருக்கின்றன. சதுப்பு நிலத்துக்கு விரும்பினால் பயன்படுத்தலாம் என்று கொடுத்திருக்கும் அட்டவணையில் டைனோசர்கள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் வந்த எந்த எழுத்தாளரும் வேடிக்கைக்காக நுழைத்தவை அல்ல அவை. 1977-இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட இனங்கள் அந்தத் தலைப்பின்கீழ் இருந்தன.

இதைவிட வேடிக்கையான ஒரு சேதியும் உண்டு. ‘டைனோசர் வேண்டாம், அசல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிராணிகள் போதும்’ என்பவர்கள் பெருமையோடு காட்டும் பிராணிகள் எவை? இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தைத் தலைக் கரடியான அவுல்பேர், மண்ணுக்குள் நீந்திவந்து குதிரையைக் கவ்வும் புலே. வேறெங்கும் இல்லாத, இந்த ஆட்டத்துக்கே உரிய முத்திரைகள். கைகாக்ஸ் மலிவு விலைக் கடையில் வாங்கிய ஒரு பொட்டலத்திலிருந்து வந்தவை இந்த மூன்றும். ஹாங்காங்கில் செய்த பிளாஸ்டிக் பொம்மைகள். ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்று பெயர் போட்டு விற்றவை. எந்த விலங்கென்றே சொல்ல முடியாதபடி வார்த்தெடுத்த அந்த உருவங்களை மேசையில் வைத்து ஆடியிருக்கிறார்கள். பிறகு அவற்றுக்கு விதி எழுதியிருக்கிறார்கள். புலேக்கு விதி எழுதியவர் டிம் காஸ்க். 1976-இல் ‘தி டிராகன்’ இதழின் முதல் எண்ணில் அது வந்தது. ஆக, கெட்டுப்போன டைனோசர் பொம்மைக்குத் திண்ணையில் இடம், ஒழுங்காகச் செய்த டைனோசர் தெருவிலேயே நிற்கட்டும் என்பதுதான் இவர்கள் தீர்ப்பு.

இலக்கியப் பரம்பரையும் இவர்களுக்கு உதவாது. கைகாக்ஸ் 1979-இல் டன்ஜன் மாஸ்டருக்கான நூலின் பின்னிணைப்பில் தன்னைப் பாதித்த எழுத்தாளர்களைப் பட்டியலிட்டார். பூமியின் வயிற்றுக்குள் டைனோசர் உலகம் படைத்த எட்கர் ரைஸ் பரோஸ் அதில் இருக்கிறார். கோனன் கதைகள் எழுதிய ராபர்ட் ஈ. ஹோவர்டும் இருக்கிறார். ஹோவர்டின் ‘ரெட் நெயில்ஸ்’ 1936-இல் வந்தது. அதில் காட்டுக்குள் கோனனை மடக்கும் ‘டிராகன்’ நெருப்பு கக்கவில்லை, பறக்கவில்லை, பேசவில்லை. முதுகில் முள்வரிசையோடு காட்டைப் பிளந்துகொண்டு வரும் அது டைனோசரேதான். கோனனும் அவன் தோழியும் ஒரு பாறைமேல் ஏறிக்கொள்கிறார்கள். அது கீழேயே காத்திருக்கிறது. வாளால் ஆகாது என்று தெரிந்ததும் கோனன் கிளையை ஒடித்து ஈட்டி செய்கிறான், நச்சுக்கனியின் சாற்றைத் தடவுகிறான். ஆட்டம் நடத்தும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய காட்சி அது. பசியோடு காத்திருக்கும் ஒரு பிராணி, ஏறி நிற்க ஒரு பாறை, கையில் கிடைத்த பொருள், நெருக்கடி. மாயமந்திரம் ஒரு துளிகூட இல்லை.

சரி, பரோஸும் ஹோவர்டும் மலிவுக் காகிதப் பத்திரிகைக்காரர்கள், டோல்கீன் இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார். 1955-இல் வந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ நூலில் நாஸ்கூல் தலைவன் ஏறிவரும் இறகற்ற பறக்கும் பிராணியை நினைவிருக்கும். அது டெரோடாக்டிலா என்று கேட்ட வாசகருக்கு 1958-இல் அவர் பதில் எழுதினார். அப்படியே டெரோடாக்டிலாக வரைய எண்ணவில்லை. ஆனால் அந்தச் சாயல் இருப்பது வெளிப்படை. தொல்லுயிர்களைப் பற்றிய புதிய புராணத்துக்கு அது கடன்பட்டிருக்கிறது, பழைய புவியியல் யுகத்தின் கடைசி மிச்சமாகக்கூட இருக்கலாம் என்பது அந்தப் பதிலின் சாரம். புதைபடிவ ஆய்வை அவர் புராணமாகவே பார்த்தார். அந்த விலங்கு மத்திய உலகத்துக்குள் வர அவர் தடை சொல்லவில்லை. அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது காலக்குழப்பம் என்ற குற்றச்சாட்டு. கவசமணிந்த வீரன் எங்கே, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்த உயிர் எங்கே என்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு முழுத்தகட்டுக் கவசம், கிரேக்க மெடூசா, அரபுக் கதைகளின் ஜின், ஒரு கனசதுரக் கூழ் எல்லாம் ஒரே சுரங்கத்தில் குடியிருக்கும் ஆட்டம் இது. 1974 புத்தகத்தில் ரோபாட்டுக்கும் இடம் இருந்தது. இங்கே காலத்தைக் காவல் காக்கப் புறப்படுவது அதிசயம். உண்மையான காலக்குழப்பம் வேண்டுமானால் நான் தருகிறேன்: ஸ்டெகோசரஸுக்கும் டைரனோசரஸுக்கும் இடையே சுமார் 8 கோடி ஆண்டுகள். டைரனோசரஸ் ஸ்டெகோசரஸைவிட நமக்குத்தான் நெருங்கிய காலத்தது. அவை இரண்டும் ஒரே காட்டில் மோதினால் எவரும் முகம் சுளிப்பதில்லை.

அதுகூடப் போகட்டும். டயர் உல்ஃப் என்னும் ஓநாய் வந்தால் இவர்கள் யாரும் மறுப்பதில்லையே? கோப்ளின்கள் அதன்மேல் ஏறி வந்தாலும் பொருத்தமாகவே தெரிகிறது. அது கற்பனை விலங்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள் இருக்கும் லா ப்ரேயா தார்க்குழிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் எலும்புகள் கிடைத்த அசல் தொல்விலங்கு அது. மாமதமும் வாள்பல் பூனையும் அப்படியே. மயிருள்ள தொல்விலங்கு வரலாம், செதிலுள்ளது வரக்கூடாது! இதற்குப் பெயர் கொள்கை அல்ல, பழக்கம்.

லத்தீனும் கிரேக்கமும் கலந்த அறிவியல் பெயர்கள் உறுத்துகின்றன என்று ஒரு முறையீடு உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாண்டம் செய்யும் கிராமத்துக்காரி ‘அதோ ஆன்கைலோசரஸ்’ என்று கத்தினால் சிரிப்புத்தான் வரும். பதிப்பாளர்களே இந்த வெட்கத்துக்கு ஆளானார்கள். 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் ஆன்கைலோசரஸ் ‘மேஸ்டெயில் பெஹிமத்’ ஆயிற்று, ஸ்டெகோசரஸ் ‘பிளட்ஸ்பைக் பெஹிமத்’ ஆயிற்று. பெயரை மாற்றியதோடு வேலை முடிந்ததென்று விட்டுவிட்டார்கள். 2004-இல் கீத் பேக்கர் படைத்த எபரான் உலகத்தில் நடந்தது வேறு. அங்கே டலென்டா சமவெளியில் அலையும் குள்ள இனத்தவரான ஹாஃப்லிங்குகளுக்கு டைனோசர்தான் வாகனம், மந்தை, தோழன். ராப்டரை அவர்கள் கிளாஃபுட் என்பார்கள், பறப்பதை கிளைட்விங் என்பார்கள். மேய்ப்பவர் வாயில் பிறந்த பெயர் என்பதால் உறுத்தவில்லை. பெயருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது.

இனி மையமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மற்றவையெல்லாம் இதற்கு முகப்பூச்சு. ‘அது வெறும் விலங்கு.’

ஆமாம், விலங்குதான். அதுதான் அதன் பலம். இந்த ஆட்டத்தில் எதிர்ப்படும் பெரும்பாலான பிராணிகள் சாகும்வரை சண்டை போடுகின்றன. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஹிட் பாயிண்ட் சுழியத்துக்கு வந்தால் விழும், அதுவரை கடிக்கும். உயிருள்ள எந்த வேட்டை விலங்கும் அப்படி நடந்துகொள்வதில்லை. காயம் என்றால் அடுத்த வேட்டை இல்லை, பட்டினிச் சாவு. ஆகவே அது கணக்குப் பார்க்கும். புதைபடிவங்கள் இதற்குச் சாட்சி சொல்கின்றன. டென்வர் அருங்காட்சியகத்தில் உள்ள எட்மான்டோசரஸ் எலும்புக்கூட்டின் வாலில் ஒரு கடித்தழும்பு இருக்கிறது; டைரனோசரஸின் வேலை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எலும்பு ஆறியிருக்கிறது. அதாவது கடித்தது, தப்பித்தது, பிழைத்தது. அல்லோசரஸ் ஒன்றின் வாலெலும்பில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஸ்டெகோசரஸின் வால்முள் அதில் பொருந்துகிறது. டிரைசெரடாப்ஸ்களின் கழுத்துத் தகட்டில் தம் இனத்துக் கொம்புகள் குத்திய வடுக்கள் உள்ளன. தோற்ற வேட்டைகளும் பங்காளிச் சண்டைகளும் அப்படியே கல்லாகியிருக்கின்றன. இதில் கதை இல்லையென்று சொல்ல மனம் எப்படி வருகிறது?

இப்போது இதை மேசைக்குக் கொண்டுவருவோம். ஐந்தாம் பதிப்பின் 2014 நூலில் டைரனோசரஸுக்கு 136 ஹிட் பாயிண்ட், எவ்வளவு ஆபத்தானது என்று காட்டும் சவால் மதிப்பு 8, அறிவு 2. சோம்பேறி டன்ஜன் மாஸ்டர் இதை மைதானத்தில் நிறுத்தி, 136 தீரும்வரை பகடை உருட்டச் சொல்வார். முடிந்ததும், டைனோசர் சலிப்பு என்பார். கொஞ்சம் யோசிப்பவர் வேறு மாதிரி நடத்துவார். முதலில் சேற்றில் தடம். பிறகு பாதி தின்ற சடலம். மேலே ஈக்கள் இல்லை, அப்படியானால் இப்போதுதான் தின்றிருக்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? குதிரைகள் ஏன் நகர மறுக்கின்றன? அது வரும்போது அதற்கு ஆட்டக்காரர்கள்மேல் பகையில்லை; இறைச்சிமேல் உரிமை இருக்கிறது. குதிரையை விட்டுக்கொடுத்துத் தப்பலாம். நெருப்பு காட்டி விலக்கலாம். அதைவிட, பின்தொடரும் எதிரிப் படையின் கூடாரத்துக்கு அதை இழுத்துச் செல்லலாம். 40 புள்ளி இழந்ததும் அது திரும்பிப் போய்விடும். கூடு அருகில் இருந்தால் மட்டும் போகாது. கூடு இருப்பதே தெரியாமல் இவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

கோப்ளினோடு பேரம் பேசலாம். டிராகனைப் புகழ்ந்து மயக்கலாம். சூனியக்காரனை மிரட்டலாம். இந்தப் பிராணியிடம் எதுவும் செல்லாது. நல்லது கெட்டது என்ற கணக்கே அதற்கு இல்லாததால், ‘தீமையை அழித்தோம்’ என்ற திருப்தியும் கிடைக்காது. அதைக் கவனிக்கத்தான் முடியும். கவனித்துப் புரிந்துகொண்டவன் பிழைப்பான். வாய்ச்சாலகத்தில் வல்ல ஆட்டக்காரர்கள் பதறிப்போவதையும், மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் ‘காற்று நம் பக்கமிருந்து வீசுகிறது’ என்று மெதுவாகச் சொல்வதையும் டிராகன் எந்த நாளும் தரமாட்டாது.

சாப்பாட்டுக்காகக் கடிக்க வருபவைதான் வேண்டும் என்றும் இல்லை. முப்பது டிரைசெரடாப்ஸ் கன்றுகளோடு கணவாயில் மேய்ந்துகொண்டிருக்கின்றன. சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம் போயாக வேண்டும். வில்லன் யாருமில்லை, சிக்கல் மட்டும் இருக்கிறது. குவெட்சால்கோட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாஸில் 1971-இல் கண்டெடுத்த அந்தப் பறக்கும் உயிர் (டைனோசர் அல்ல, அதன் உறவு) சிறகு விரித்தால் 10 மீட்டர் இருக்கும். நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். வானத்திலிருந்து பாய்வதைவிட, நாரைபோல் தரையில் நடந்து சிறு உயிர்களைக் கொத்தி விழுங்கியிருக்கும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்படும் கருத்து. ஹாஃப்லிங்கின் உயரம் சுமார் மூன்றடி. மேலும் விளக்க வேண்டியதில்லை.

டைனோசருக்கு மர்மம் இல்லை, அறிவியல் எல்லாவற்றையும் அளந்து வைத்துவிட்டது என்பவர்களுக்கு டைனோகைரஸின் கதையைச் சொல்வேன். 1965-இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் போலந்து-மங்கோலியக் குழு இரண்டு கைகளைத் தோண்டி எடுத்தது. ஒவ்வொன்றும் 2.4 மீட்டர், நுனியில் நகங்கள். உடல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அடுத்த ஐம்பதாண்டு உலகத்திடம் இருந்தது அந்தக் கைகள்தான். எத்தகைய கொலைகாரனின் கைகளோ என்று ஆளுக்கொரு உருவம் வரைந்தார்கள். 2014-இல் மிச்ச உடல் வெளியானபோது, முதுகில் திமிலும் வாத்து அலகும் கொண்ட ஒரு பெரிய அசமந்தம் நின்றது! எந்த டன்ஜன் மாஸ்டர் இப்படி ஒரு திருப்பத்தை யோசித்தார்? நம் அரியலூர்ப் பக்கமே பாருங்கள். கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளுக்கு 1980-களில் ப்ருஹத்காயோசரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள், பூமியில் நடந்தவற்றிலேயே மிகப் பெரியதாக இருக்கலாம் என்றும் பேச்சு எழுந்தது. இன்று சரிபார்க்க எலும்பு இல்லை, நொறுங்கிப் போயிற்று. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு மாமிருகம் டிராகனைவிட எந்த விதத்தில் மட்டம்?

எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான ஆயுதம் இருக்கிறது. ஆனால் அதை அவர்கள் அதிகம் எடுப்பதில்லை. நானே எடுத்து வைக்கிறேன். டைனோசர் வரும் இடமெல்லாம் காலனியக் கதை ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆர்தர் கோனன் டாயில் 1912-இல் எழுதிய ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ தொடங்கி 1933-இன் ‘கிங் காங்’ படம் வரை ஒரே அச்சு: யாரும் அறியாத நிலம், பயந்துபோன பூர்வகுடிகள், துப்பாக்கியோடு வரும் கனவான்கள். டேவிட் குக்கும் டாம் மோல்ட்வேயும் எழுதி 1981-இல் வந்த ‘தி ஐல் ஆஃப் ட்ரெட்’ சாகசநூல் அந்த அச்சிலேயே வார்த்தது. ‘கிங் காங்’ படத்தின் மதில்கூட அங்கே உண்டு. ஆப்பிரிக்கச் சாயலுள்ள சுல்ட் என்ற கற்பனை நிலத்தில் 2017-இல் அமைத்த ‘டூம் ஆஃப் அனைஹிலேஷன்’ நூலும் இந்தக் காரணத்துக்காகவே விமர்சனம் வாங்கியது. விமர்சனம் நியாயமானது.

ஆனால் குற்றவாளி யார்? அந்தத் தீவிலிருந்து டைனோசர்களை எடுத்துவிட்டு டிராகன்களை வைத்தால் பூர்வகுடிகள் கண்ணியம் பெற்றுவிடுவார்களா? அழுக்கு, கதையின் சட்டகத்தில் இருக்கிறது. அதே சுல்ட் நூலில் நியான்சாரு துறைமுக நகரத்து மக்கள் டைனோசரை மூட்டை சுமக்க வைத்திருக்கிறார்கள், தெருவில் பந்தயம் விடுகிறார்கள். புத்தகத்திலேயே உயிர்ப்பான பக்கங்கள் அவை. மேலே சொன்ன எபரான் ஹாஃப்லிங்குகளும் அப்படித்தான். கண்டுபிடிக்க வருகிறவனின் கண்ணை விட்டு, கூட வாழ்கிறவரின் கண்ணால் பார்த்ததும் சட்டகம் மாறிவிடுகிறது, விலங்கும் பிழைக்கிறது.

பதிப்பாளர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. 1977 நூலில் டிராகனுக்கு வயதுப் படிகள் உண்டு, உறங்கிக்கொண்டிருக்க எத்தனை வாய்ப்பு, பேசத் தெரிந்திருக்க எத்தனை வாய்ப்பு, மந்திரம் அறிந்திருக்க எத்தனை வாய்ப்பு என்று விதிகள் உண்டு. டைனோசருக்கு உடம்பின் அளவும் கடியின் பலமும் போதுமென்று விட்டார்கள். உடல்வலுவில் குறை வைக்கவில்லை. ஹிட் பாயிண்டைத் தீர்மானிக்க உருட்டும் பகடைகள் டைரனோசரஸுக்கு 18, சிவப்பு டிராகனுக்கு 9 முதல் 11 வரைதான். நடத்தை என்று எழுத வந்தபோதுதான் மை தீர்ந்துபோயிற்று. 2016-இல் வந்த ‘வோலோஸ் கைட்’ நூல் டைனோசர் என்ற தலைப்பின்கீழ் டைமெட்ரோடானைச் சேர்க்கிறது. அது டைனோசர்கள் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே வாழ்ந்தது, உறவுமுறையில் நமக்குத்தான் கிட்டம். இந்த அலட்சியத்தைப் படித்து வளர்ந்தவர்கள் டைனோசரிடம் ஒன்றுமில்லை என்கிறார்கள். பந்தியில் இலை போடாமல் உட்கார வைத்துவிட்டு, இவன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான் என்று ஊரெல்லாம் சொல்வதுபோலத்தான் இது.

‘எல்லாருக்கும் டைனோசரைத் தெரியும், எதிர்பாராத அடி எதுவும் இருக்காது’ என்று இன்னொரு கட்சி. தெரிந்ததென்று நினைப்பது வேறு, தெரிவது வேறு. 1993-இன் ‘ஜுராசிக் பார்க்’ பார்த்த அத்தனை பேருக்கும் ஒரு பாடம் மனப்பாடம்: அசையாமல் நின்றால் டைரனோசரஸுக்குக் கண் தெரியாது. தவறு. இரண்டு கண்ணும் முன்னோக்கியவை, தூரத்தைத் துல்லியமாக மதிப்பிடும் பார்வை. மோப்பமும் கூர்மை. ஆகவே மேசையில் யாராவது பெருமிதத்தோடு ‘யாரும் அசையாதீர்கள்’ என்று சொல்லும்போது நல்ல டன்ஜன் மாஸ்டர் மறுத்துப் பேச மாட்டார். சிரிக்காமல் பகடையை எடுப்பார். ட்ரோல் என்ற பூதத்தை நெருப்பால் சுட வேண்டும் என்பது எல்லா ஆட்டக்காரருக்கும் தெரியும், அது உண்மையும்கூட. அங்கேதான் எதிர்பாராத அடிக்கு வழியில்லை.

கடைசியாக, இந்தக் கருத்தை உரக்கச் சொல்பவர்களின் மேசையிலேயே நடக்கும் ஒன்று. ஐந்தாம் பதிப்பில் ‘பாலிமார்ஃப்’ என்றொரு மந்திரம் உண்டு. ஒருவரை விலங்காக மாற்றும். விலங்கின் சவால் மதிப்பு மாறுகிறவரின் நிலையைத் தாண்டக்கூடாது என்பது விதி. டைரனோசரஸின் மதிப்பு 8. எனவே பாத்திரங்கள் எட்டாம் நிலையைத் தொட்டால் போதும், உலகம் காப்பாற்றப்பட வேண்டிய இறுதிப் போரில், சிவப்பு டிராகனுக்கு எதிரே, டைனோசர் மயக்கத்தைக் கெடுக்கிறது என்ற அதே மந்திரவாதி கூச்சமில்லாமல் தன் நண்பனை டைரனோசரஸாக மாற்றுகிறார். மேசை முழுக்க ஆரவாரம். ஆந்தைக் கரடியாக மாற்ற அந்த மந்திரம் விடாது. விட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.